நம்ம ஊர்ச் செய்தி என்றால் மட்டும் தப்பு எப்படிக் கண்ணில் படுகிறது?

ஆற்றங்கரை:

எங்கள் அப்பாவுக்குக் காலையில் பேப்பர் வராவிட்டால் காப்பி இறங்காது. திண்ணையில் உட்கார்ந்து முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை சத்தமாகப் படிப்பார், எழுதப் படிக்கத் தெரியாத எதிர்வீட்டுத் தாத்தாவும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். வீட்டில் என்ன வாக்குவாதம் வந்தாலும் "பேப்பர்லயே போட்டிருக்கான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேச்சு அதோடு முடிந்துவிடும். நெல் விலையோ அணைத் தண்ணீரோ எதுவானாலும் அதுதான் கடைசிச் சாட்சி. இப்போது என் மகனும் அதே வார்த்தையைச் சொல்கிறான், "பேப்பர்லதானப்பா போட்டிருக்கு, விடுங்க" என்று. முப்பது வருஷத்துக்குள் அந்த ஒரு வரி இப்படித் தலைகீழாகிவிட்டதே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

எனக்கு அந்த நம்பிக்கை முழுசாக உடைந்தது 2023 டிசம்பர் வெள்ளத்தில். 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை, காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். தாமிரபரணி எங்கள் ஊருக்குள் வந்தது இரவில். ஏரலுக்கு இந்தப் பக்கம் சின்ன ஊர் எங்களுடையது. பள்ளிக்கூட மொட்டை மாடியில் தார்ப்பாயைக் கட்டி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். ஒரு சோற்றுப் பானை, அதைக் குழந்தைகளுக்கு மட்டும் கொடுத்தோம். கரண்ட் கிடையாது, டவர் கிடையாது. வெளி உலகத்துக்கு நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்பதே தெரியாது.

டவர் திரும்ப வந்ததும் சென்னையில் இருக்கும் தங்கை, டிவியில் ஓடியதையெல்லாம் போனில் பிடித்து அனுப்பினாள். ஒரு சேனலில் எங்கள் ஏரல் பாலம் என்று எழுதிக் காட்டியது எங்கள் பாலமே இல்லை. தூண் வேறு, கைப்பிடிச் சுவர் வேறு. நடந்தே பழகிய பாலம் எனக்குத் தெரியாதா? அப்புறம் பேப்பர் கைக்கு வந்தது. எங்கள் ஊர் முகாமில் 400 பேர் தங்கவைக்கப்பட்டு உணவு வழங்கப்பட்டதாகச் செய்தி. அந்தத் தேதியில் எங்கள் ஊரில் முகாமே கிடையாது. நாங்கள் மாடியில் மழைநீரைச் சேலையில் வடிகட்டிக் குடித்துக்கொண்டிருந்தோம்.

கோபத்தில் அந்தப் பேப்பரைக் கசக்கியிருக்கலாம். செய்யவில்லை, அடுத்த பத்திக்குப் போனேன். வேறு ஏதோ மாவட்டத்துச் செய்தி, அதை வரி விடாமல் நம்பிப் படித்தேன். படித்து முடித்த பிறகுதான் உறைத்தது. எனக்குத் தெரிந்த ஊரைப் பற்றி எழுதியது தப்பு என்று இப்போதுதானே பார்த்தேன், எனக்குத் தெரியாத ஊரைப் பற்றி எழுதியது மட்டும் எப்படிச் சரியாக இருக்கும்? அந்த ஊர்க்காரன் யாராவது இதே நேரத்தில் இதே பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் போலவே கொதித்துக்கொண்டிருப்பானே. இத்தனை வருஷம் இந்தக் கேள்வி ஏன் எனக்கு வரவில்லை?

உங்களுக்கு இது எப்போது நடந்தது என்று எழுதுங்கள்.

பாளை மார்க்கெட்:

2016 டிசம்பர் 5, அண்ணாச்சி. அன்றைக்குச் சாயங்காலமே சில சேனல்களில் முதலமைச்சர் ஜெயலலிதா காலமானார் என்று ஓட்டிவிட்டார்கள். சென்னையில் கட்சி ஆபீஸில் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கினார்கள், ஆஸ்பத்திரி மறுத்ததும் திரும்ப ஏற்றினார்கள். நான் கடை ஷட்டரை இறக்கிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் இல்லை என்றார்கள், ஏற்றினேன். மறுபடி பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து இறக்கச் சொன்னார். உண்மையான அறிவிப்பு நடுராத்திரிக்கு மேல்தான் வந்தது. அந்த ஆறேழு மணி நேரத்தில் ஊரில் ஏதாவது ஆகியிருந்தால் யார் பொறுப்பு?

அதைவிட அவர் ஆஸ்பத்திரியில் இருந்த அந்த 75 நாள். தினமும் நன்றாக இருக்கிறார், சாப்பிட்டார், பேசினார் என்று செய்தி. அடுத்த வருஷம் செப்டம்பரில் அமைச்சர் ஒருவரே மேடையேறி, இட்லி சாப்பிட்டார் என்று நாங்கள் சொன்னது பொய் என்றார். சொன்னவர்கள் பொய் சொன்னார்கள், சரி. "நாங்கள் யாரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை, இது அவர்கள் சொன்னது மட்டும்தான்" என்று ஒரு வரி சேர்த்துப் போட்டிருந்தால் நான் இவர்களை இன்றைக்கும் நம்பியிருப்பேன்.

முத்துநகர்:

2018 மே 22. இதற்கு மேல் நான் தேதி சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100வது நாள், 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். என் சித்தி மகன் அந்தக் கூட்டத்தில் இருந்தான், உயிரோடு வந்தான், அன்று இரவு முழுக்க அவன் பேசவே இல்லை. டிவியைப் போட்டால் "தூத்துக்குடியில் கலவரம்". மறுநாள் பேப்பரிலும் அதே வார்த்தை. அப்புறம் சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்று பெரிய மனிதர்கள் சொன்னார்கள், அதுவும் கொட்டை எழுத்தில் வந்தது. என் சித்தி மகன் யாருக்கு விரோதி? அவன் ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறவன்.

நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கையைச் சட்டசபையில் வைத்தது 2022 அக்டோபரில். தப்பி ஓடியவர்களைச் சுட்டிருக்கிறார்கள், அதற்கான தூண்டுதலே இல்லை என்று அதில் இருக்கிறது. அன்றைய முதலமைச்சர் டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று சொன்னதும் சரியல்ல என்று ஆணையம் எழுதியிருக்கிறது. அதெல்லாம் செய்தியாக வந்தது. ஆனால் "அன்று நாங்கள் கலவரம் என்று எழுதியது தவறு" என்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. நாலு வருஷத்துக்கு மேல் காத்திருந்தவளுக்கு அந்த ஒரு வரி வேண்டும். அது வராத வரை எனக்கு நம்பிக்கை வராது.

தாலுகா நிருபர் (முன்னாள்):

மூன்று பேரும் எழுதியதைப் படித்தேன். பதினோரு வருஷம் நான் ஒரு பத்திரிகைக்குப் பகுதி நேர நிருபராக இருந்தேன், பெயர் வேண்டாம். உங்கள் கோபத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றச் சொல்லமாட்டேன், ஆனால் அந்த 400 பேர் எப்படி அச்சுக்கு வந்தார்கள் என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்லியாக வேண்டும்.

//எங்கள் ஊர் முகாமில் 400 பேர் தங்கவைக்கப்பட்டு//

மாவட்டத்தில் பி.ஆர்.ஓ. (அரசு மக்கள் தொடர்பு அலுவலர்) ஆபீஸ் நடத்துகிற ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கும், போலீஸுக்குத் தனியாக ஒன்று இருக்கும். மாலையில் அதில் செய்திக்குறிப்பு விழும். எந்தெந்த ஊரில் முகாம், எத்தனை பேர் என்று ஒரு பட்டியல். அது பெரும்பாலும் ஏற்பாடு செய்யச் சொல்லி உத்தரவு போட்ட பட்டியலாக இருக்கும். தாலுகா நிருபர் அதை அப்படியே பத்திரிகை ஆபீஸில் செய்தியைத் திருத்துகிற டெஸ்குக்குத் தள்ளிவிடுவான், டெஸ்கில் "தங்கவைக்கப்படுவர்" என்பது "தங்கவைக்கப்பட்டனர்" ஆகிவிடும். ஒரு வினைமுற்று மாறினால் உங்கள் பட்டினி மறைந்துபோகிறது, அண்ணாச்சி. நானே இப்படி அனுப்பியிருக்கிறேன். ஊருக்குப் போய்ப் பார்க்க வழி இல்லை என்பது உண்மை, ரோடு இல்லை. ஆனால் "போக முடியவில்லை" என்று எழுத எனக்கு இடம் கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

சம்பளம் என்ன தெரியுமா? எனக்குச் சம்பளமே கிடையாது. செய்திக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு, அது மாசத்துக்குப் பெட்ரோலுக்கே காணாது. மீதி விளம்பரக் கமிஷன். தைப் பொங்கல் சிறப்பு மலர், பள்ளிக்கூட ரிசல்ட் மலர், கோயில் கொடை மலர் எல்லாவற்றுக்கும் இலக்கு உண்டு. யாரிடம் போய் விளம்பரம் கேட்பேன்? தனியார் பள்ளிக்கூடம், நகைக்கடை, கான்ட்ராக்டர், ஒன்றியத்தில் பெரிய ஆள். அப்புறம் அதே கான்ட்ராக்டர் போட்ட ரோடு ஆறு மாசத்தில் பெயர்ந்தால் எப்படி எழுதுவது? ஒரு தடவை எழுதினேன். குளத்துக் கரையில் கல் பதித்த வேலை, கையால் தள்ளினால் கல் வருகிறது, போட்டோவோடு அனுப்பினேன். வரவில்லை. மறு வாரம் அந்தக் கான்ட்ராக்டரின் மகள் கல்யாணத்துக்குக் கால் பக்க வாழ்த்து வந்தது. அந்தக் கரை பின்னால் உடைந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராது.

முத்துநகர் அக்காவுக்கு ஒன்று. நீங்கள் கேட்கிற அந்த ஒரு வரி வரவேண்டும், அதில் மாற்றுக்கருத்தே இல்லை. அதே அறிக்கை சட்டசபைக்கு வருவதற்கு முன்னாலேயே, 2022 ஆகஸ்டில் அதில் இருப்பதை ஃபிரண்ட்லைன் பத்திரிகை வெளியிட்டது. அதுவும் பெரிய நிறுவனத்துப் பத்திரிகைதான். உள்ளே இருந்துகொண்டு இப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

மேட்டுத்தெரு:

எதற்கு இவ்வளவு நீட்டி முழக்க வேண்டும்? எல்லாமே காசுக்கு விலைபோனவை. ஒன்றையும் படிக்காதீர்கள், அவ்வளவுதான். நான் டிவி பார்த்து நாலு வருஷம் ஆகிறது, எனக்கு வேண்டியது போனிலேயே வருகிறது.

ஷார்ஜாவிலிருந்து மேலப்பாளையம்:

மேட்டுத்தெரு பாய், போனில் வருவதை மட்டும் நம்பி நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அதே வெள்ளம். உம்மாவும் தங்கச்சியும் வீட்டில், நான் இங்கே. போன் போகவில்லை. குடும்பக் குரூப், தெருக் குரூப், ஜமாஅத் குரூப், ஸ்கூல் குரூப் என்று ஏழு குரூப்பில் ராத்திரி முழுக்க விழித்திருந்தேன். இரண்டு மணிக்கு ஒரு ஆடியோ வந்தது. பதறிய ஆம்பளைக் குரல், பாபநாசம் அணை உடைந்துவிட்டது, இன்னும் ஒரு மணி நேரத்தில் திருநெல்வேலி இருக்காது என்று. எங்கள் ரூமில் ஆறு பேர், ஆறு பேருமே நம்ம பக்கத்துக்காரர்கள். ஒருத்தன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். அணைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று காலையில் தெரிந்தது. அந்த ஆடியோ யாருடையது என்று இன்றுவரை தெரியாது. பேப்பரில் தப்பு வந்தால் அச்சிட்ட இடம் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு முகவரியாவது இருக்கும். இதற்கு யார் வாசலில் போய் நிற்பேன்?

அதே போனில்தான் நல்லதும் வந்தது, அதையும் மறைக்கமாட்டேன். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு நின்றுபோனது. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து சமைத்துப் போட்டதை உள்ளே மாட்டியிருந்தவர்கள் படம் எடுத்து அனுப்பினார்கள். அந்தச் செய்தி முதலில் எனக்கு வந்தது போனில்தான், அப்புறம்தான் டிவியில் பார்த்தேன்.

கடையம் டீச்சர்:

பொய்யைவிட எனக்கு வார்த்தைகள்தான் பெரிய வலி. நம் பக்கத்தில் எதை எடுத்தாலும் "இரு தரப்பினர் மோதல்". 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பையனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கச்சிக்கும் வெட்டு. மறுநாள் எங்கள் ஸ்டாஃப் ரூமில் கிடந்த பேப்பர்களைப் பார்த்தேன். ஒன்றில் "மாணவர்களிடையே மோதல்" என்று இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளையை அரிவாளோடு போய் வெட்டுவதற்குப் பெயர் மோதலா? எழுதியவர் நம் ஊர்க்காரராகத்தான் இருப்பார், அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் அந்த வார்த்தையைப் போட்டிருக்கிறார். பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு வகுப்பில் என்னிடம் கேட்கிறார்கள், "டீச்சர், ரெண்டு பேர் மேலயும் தப்பா?" என்று. நான் அன்றைய பாடத்தை மூடி வைத்துவிட்டு ஒரு பீரியட் முழுக்க அந்த ஒரு சொல்லைப் பற்றியே பேசினேன்.

டிவியைப் பற்றியும் ஒன்று. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் ஆழ்துளைக் கிணற்றில் குழந்தை விழுந்தபோது நாலு நாள் ராப்பகலாக நேரலை ஓடியது, நானும் சோறு தண்ணி இல்லாமல் பார்த்தேன். அதே நேரத்தில் தூத்துக்குடியில் ஒரு வீட்டில் பெரியவர்கள் அந்த நேரலையில் மூழ்கியிருந்தபோது, அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தை தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்துபோனது. அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு டிவியை அணைத்தேன். அந்த வீட்டுக்காரர்களை நான் குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தானே உட்கார்ந்திருந்தேன். மண்ணைத் தோண்டுகிற மிஷினை நாலு நாள் காட்டினார்களே, மூடாத கிணறு எங்கள் ஒன்றியத்தில் எத்தனை இருக்கிறது என்று அதற்கு அடுத்த வாரம் யாராவது ஒருத்தர் வந்து கேட்டார்களா என்றால், இல்லை.

தாலுகா நிருபர் (முன்னாள்):

டீச்சர், "மோதல்" என்று போடுவது பயத்தில். சாதிப் பெயரைப் போட்டால் இரண்டு பக்கமும் ஆபீஸ் வாசலுக்கு வருவார்கள், போலீஸும் "பதற்றம் உண்டாகும்" என்று சொல்லும். அதனால் எல்லாவற்றையும் சமமாக்கும் ஒரு சொல் பழக்கமாகிவிட்டது. பதற்றம் வராமல் எழுதுவது ஒன்று, வெட்டியவனையும் வெட்டுப்பட்டவனையும் ஒரே தட்டில் வைப்பது வேறொன்று. அந்த வித்தியாசத்தை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லித்தந்திருக்கிறீர்கள்.

//எல்லாமே காசுக்கு விலைபோனவை//

மேட்டுத்தெரு தம்பி, காசு வாங்கிச் செய்தி போடுவது உண்மை. 2009 தேர்தலுக்குப் பிறகு இந்தியப் பத்திரிகை கவுன்சிலே குழு போட்டு விசாரித்தது. விலைப்பட்டியல் போட்டு வேட்பாளர்களிடம் விற்றிருக்கிறார்கள் என்று அந்தக் குழுவின் அறிக்கையில் இருந்தது, முழு அறிக்கையை வெளியிடவே கவுன்சில் தயங்கியது. 2011இல் உத்தரப்பிரதேசத்தில் ஒரு எம்.எல்.ஏ. இந்தக் காரணத்துக்காகவே பதவி இழந்தார். ஆனால் இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தது யார்? அதே தொழிலில் இருந்த பத்திரிகைக்காரர்கள். எல்லோரும் விலைபோனவர்கள் என்று சொல்லிவிட்டால், போகாதவனுக்கும் ஊரில் மரியாதை இல்லாமல் போகும். அவன் எழுதுவதைப் படிக்கவும் ஆள் இருக்காது. குளத்தை மண்ணடித்து பிளாட் போடுகிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

மேட்டுத்தெரு:

சரி அண்ணாச்சி. இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. அந்த பிளாட் விஷயம் எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே நடக்கிறது.

அம்பை ஏஜென்ட்:

நான் பேப்பர் ஏஜென்ட். இருபத்தெட்டு வருஷமாகக் காலையில் நாலரை மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் கட்டு பிரிக்கிறேன். எங்கள் பக்கத்துக்குப் பேப்பர் புதுசு இல்லை. தந்தியைத் தொடங்கிய ஆதித்தனார் காயாமொழிக்காரர், தினமலர் திருவனந்தபுரத்தில் ஆரம்பித்து 1957இல் திருநெல்வேலிக்கு வந்தது. டீக்கடையில் ஒரு பேப்பரை நாலாகப் பிரித்து நாலு பேர் படித்த ஊர் இது. முன்னால் எனக்கு ஏழு பையன்கள் சைக்கிளில் போவார்கள், இப்போது நானும் இன்னொருத்தரும் மட்டும். கொரோனா ஊரடங்கில் பேப்பரால் நோய் பரவும் என்று யாரோ கிளப்பிவிட்டதில் நிறுத்தியவர்களில் பாதிப் பேர் திரும்ப வரவே இல்லை.

நிறுத்துகிறவர்களிடம் ஏன் என்று கேட்பேன். "போனில் பார்த்துக்கிறேன்" என்பவர்கள் அதிகம். "எல்லாம் பொய்" என்று சொல்லி நிறுத்தியவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் அவர்கள் எல்லாம் முன்பு வரி விடாமல் படித்தவர்கள். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மேலோட்டமாகப் படித்தவன் இன்னும் வாங்குகிறான், உயிராகப் படித்தவன் விட்டுவிட்டான். ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் கணக்கை முடிக்கும்போது பழைய பேப்பர் கட்டு ஒன்றைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் நம் தாலுகாச் செய்தியில் தப்பான இடத்தைச் சிவப்புப் பேனாவால் சுழித்து, சரியான விவரத்தை ஓரத்தில் எழுதியிருந்தார். ஆசிரியருக்குக் கடிதமும் போட்டாராம், ஒன்றுக்கும் பதில் வரவில்லையாம்.

ஆற்றங்கரை:

ஏஜென்ட் அண்ணாச்சி சொன்ன அந்தப் போஸ்ட்மாஸ்டரை நினைத்து இரண்டு நாளாக ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. எங்கள் அப்பாவும் அப்படிச் செய்யக்கூடிய மனிதர்தான்.

நிருபர் அண்ணாச்சி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வடகால் வாய்க்காலில் எங்கள் ஊருக்குத் தண்ணீர் பிரிகிற மடை வெள்ளத்தில் போனது. சரிசெய்யப்பட்டது என்று செய்தி வந்துவிட்டது. நேற்றும் போய்ப் பார்த்தேன், மணல் மூட்டைதான் அடுக்கியிருக்கிறது, ஒரு பக்கம் அரித்துக்கொண்டு இருக்கிறது. கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டவில்லை, போன சாகுபடியில் என் வாழை பாதி காய்ந்தது. எழுத யாராவது வருவார்களா?

தாலுகா நிருபர் (முன்னாள்):

நான் எழுதுவதை விட்டுவிட்டேன், ஆனால் எனக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்த பையன் நல்லவன். செய்திக்குறிப்பை அப்படியே தள்ளுகிறவன் இல்லை, கேட்டால் வருவான். அவனுக்கு வேண்டியது மூன்று விஷயம். மடையை அவன் கண்ணால் பார்க்க வேண்டும், கடைமடைக்காரர்கள் இரண்டு பேராவது பெயர் கொடுத்துப் பேச வேண்டும், சரிசெய்யப்பட்டது என்று சொன்ன பழைய செய்தியின் தேதி வேண்டும். நீர்வளத்துறையில் என்ன பதில் சொல்கிறார்கள் என்று அவனே கேட்டுக்கொள்வான். இதுவும் வராமல் போகலாம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஆற்றங்கரை:

வராவிட்டாலும் பரவாயில்லை, பார்க்க ஒருத்தர் வருகிறாரே. பழைய பேப்பரை எடுத்து வைத்திருக்கிறேன், பின்பக்கத்தில் தேதி இருக்கிறது. பேச நான் இருக்கிறேன், என் பங்காளி இருக்கிறார், அக்கரையில் நெல் போட்டிருக்கிற அம்மாவும் பெயர் கொடுக்கிறேன் என்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் வரச் சொல்லுங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும், ஏழு மணி என்றால் தண்ணீர் எங்கே அரிக்கிறது என்று நன்றாகத் தெரியும். பாலத்தில் இருந்து இடது பக்கம் கரை மேலேயே வந்தால் ஒரு மருதமரம் நிற்கும், அதன் கீழே நிற்பேன்.